பிரபு பெயருக்கு உட்காருவது

ஒல்ஷினா என்ற ஊரில் செத்துப்போன எல்லாருக்கும் கோயிலில் முழங்கால் போடுவார்கள். ஒருவருக்கு மட்டும் உட்காருவார்கள்.

கல்லறைத் திருநாளன்று மாலையில் வீட்டுக்கு ஒரு சீட்டாகச் செத்தவர்கள் பெயரை எழுதிக் கோயிலில் கொடுப்பார்கள். அதில் எழுதிய பெயர்களைப் பங்குச் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். முக்கால் மணி நேரம் ஆகும். எல்லாம் முடிந்தபிறகு எந்தச் சீட்டிலும் இல்லாத ஒரு பெயர் வரும். செவெரின் ஸபோர்ஸ்கி, கோட்டைப் பிரபு. அந்தப் பெயரைக் கேட்டதும் கோயில் மொத்தமும் முழங்காலிலிருந்து எழுந்து பெஞ்சில் உட்காரும். ஒரு செபம் சொல்லும் நேரத்துக்கு யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு மறுபடி முழங்கால் போட்டு, ஆசீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

சாகப்போகும் சமயத்தில் பிரபுவுக்குப் பயம் வந்துவிட்டது. வருஷம் ஒருமுறை தன் பெயரைக் கோயிலில் வாசிக்கவேண்டும் என்று சொல்லிப் பங்குக்கு ஒரு காட்டை எழுதிவைத்தார். யுத்தத்துக்குப் பிறகு சர்க்கார் காட்டை எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. வாசிப்பது சாமியாரின் கடமை. செபிப்பது ஊரின் இஷ்டம். ஊருக்கு இஷ்டமில்லை. முந்நூறு வருஷத்துக்கு மேல் இப்படியே நடக்கிறது.

யார் முதலில் உட்காருவது என்பதற்கும் முறை உண்டு. அடைகாத்தவன் வீட்டார் முதலில். அவர்களுக்கு முன்னால் மற்றவர்கள் உட்காரக்கூடாது.

கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு இதை ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்வதுதான் கெனோவேஃபாவின் வேலை. பதினொரு மணி, ஒரு மணி, மூன்று மணி. கோட்டையில் மிஞ்சியிருப்பது ஒரு கோபுரம், ஒன்றரைச் சுவர், ஒரு நிலவறை. மீதியை வாயால்தான் கட்டவேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

சுவரைத் தட்டிக் காட்டித் தொடங்குவாள். இந்தச் சுண்ணாம்பில் முட்டை கலந்திருக்கிறது. ஊரில் ஒரு கோழி இட்டதைக்கூட விடாமல் இரண்டு வருஷம் பிரபு வாங்கிக்கொண்டார். நாட்டாமை ஷிமோனின் மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவளுக்காக அவன் பதினொரு முட்டையை ஒளித்துவைத்தான். பிடிபட்டான். முட்டைமேல் அவ்வளவு ஆசை இருந்தால் அடைகாத்துப் பொரித்துக் காட்டு என்று பிரபு சொல்லிவிட்டார். தவக்காலக் குளிரில் சந்தை மைதானத்தில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்து, ஷிமோனை அதன்மேல் குந்தவைத்தார்கள். இருபத்தொரு நாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் கோழியைப்போலக் கொக்கரிக்க வேண்டும், இல்லாவிட்டால் சாட்டை. பிரபு செத்து, முதல் கல்லறைத் திருநாளில் அவர் பெயரைச் சாமியார் வாசித்தபோது ஷிமோன் முழங்காலிலிருந்து எழுந்தான். 'உட்காரச் சொன்னீங்க, உட்கார்றேன்' என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான். ஊர் முழுக்க அவன் பின்னால் உட்கார்ந்தது.

அன்றிலிருந்து பிரபுவுக்காகச் செபிக்க ஒரு ஆள் இல்லை. அதனால் அவருக்குப் போக்கிடமும் இல்லை. காற்றடிக்கும் சாயங்காலங்களில் கறுத்த நாயாகச் சங்கிலியை இழுத்துக்கொண்டு சுவர்மேல் நடக்கிறார்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே மயிர்க்கூச்செறியும். உள்ளூர்க்காரர்களுக்கு அவர் ஒரு தொல்லைபிடித்த சொந்தக்காரர். கோழி முட்டையிடாவிட்டால் பிரபு வந்துவிட்டுப் போயிருக்கிறார். பால் திரிந்தால் பிரபு விரல் விட்டிருக்கிறார். பஸ் தாமதமானால் டயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். அவரைத் திட்டும் உரிமையும் ஊருக்கு மட்டும்தான். மேற்கே ஏதோ ஒரு கோட்டையில் இதைவிடக் கொடுமைக்காரப் பிரபு ஒருவன் இருந்தான் என்று ஒருமுறை தொலைக்காட்சிக்காரன் ஒருவன் சொன்னான். கெனோவேஃபாவின் நாத்தனார் பெலாகியாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க ஆளு கால் தூசிக்கு வருவானா அவன்? போய் நல்லா விசாரிச்சிட்டு வா" என்றாள்.

பெலாகியாவுக்கு எழுபத்தொரு வயது. அடைகாத்தவன் வீட்டில் இப்போது மூத்தவள் அவள்தான். முன் பெஞ்சின் ஓரம் அவள் இடம். வருஷாவருஷம் முதலில் உட்காருவதும் அவள்தான். அவளுடைய தம்பி கயெத்தானைத்தான் கெனோவேஃபா கட்டியிருந்தாள். அவன் போய் ஒன்பது வருஷமாகிறது. பிள்ளை இல்லை. அவன் செத்த வாரம் பெலாகியா தன் கட்டில், தையல் மெஷின், பூனை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டின் பின்பாதியில் குடியேறினாள். நீ தனியாகப் பேசிப் பேசிப் பைத்தியமாகிவிடுவாய், அதனால் வந்தேன் என்றாள். இரண்டு அடுப்பு, ஒரு சாப்பாட்டு மேசை. கெனோவேஃபாவுக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் வேறொருவர் வந்தார்.

ஒரு மணிக் கூட்டத்தோடு வந்தார். அறுபதை ஒட்டிய வயது, நல்ல தொப்பி, தேய்ந்த சப்பாத்து. கதை முழுவதையும் தலையைச் சாய்த்துக் கேட்டார். கடைசியில் கேள்வி உண்டா என்று அவள் கேட்டபோது, பிரபுவுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டார். பிசாசு எங்கேயாவது பிள்ளை பெறுமா என்றாள். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு நிலவறைக் கதவின் கொண்டி தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்து முடுக்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். டிக்கெட் வாங்கி, அதே கதையை அதே இடத்தில் நின்று கேட்டார். பெயர் அம்ப்ரோஜி. கிராக்கோவில் முப்பத்துநாலு வருஷம் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி எப்போதோ பிரிந்துபோய், பிறகு இறந்துபோனவள். வரும்போது ஒரு நூலில் கோத்த வளையரொட்டிகளைக் கொண்டுவருவார். மூன்று மணிக் கூட்டம் போனபிறகு இரண்டு பேரும் டிக்கெட் அறைப் படியில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார்கள். குடும்பப் பெயரை அவள் ஒருமுறை கேட்டாள். டிராம்காரனுக்கு நம்பர் போதும் என்று சொல்லிவிட்டார். அவளும் விட்டுவிட்டாள்.

பெலாகியாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. டிராம்காரர், டிராம்காரர் என்று வாயாறச் சொல்வாள். அவர் வரும் நாளில் புளிமாவுக் கஞ்சியில் இரண்டு துண்டு இறைச்சி கூடுதலாக விழும். இந்த ஆளுக்குத் தண்டவாளம் இல்லாமலேயே இந்த ஊருக்கு வழி தெரிந்திருக்கிறது, நீதான் இன்னும் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறாய் என்று கெனோவேஃபாவைக் குத்துவாள்.

இந்த வருஷம் செப்டம்பரில், கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை, அம்ப்ரோஜி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இரு. முதல்ல என் பேரைக் கேளு. அப்புறம் சொல்லு."

சொன்னார். ஸபோர்ஸ்கி.

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய அப்பா செருப்புத் தைத்தவர், தாத்தாவும் அதேதான். நம் ஆட்கள் ஒரு காலத்தில் ஒல்ஷினாவில் இருந்தார்கள், ஆனால் அங்கே போகாதே என்று மட்டும் அப்பா சொல்லிவைத்திருந்தாராம். ஓய்வுபெற்றதும் முதல் வேலையாகக் கிளம்பி வந்திருக்கிறார்.

நான்கு வருஷமாக இந்த மனிதரை எதிரே நிற்கவைத்து, உங்கள் மூதாதை ஒரு நாய் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் கெனோவேஃபாவுக்கு உறைத்தது. அதற்கும் அவர் டிக்கெட் வாங்கியிருக்கிறார்.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டாள். முதல் தடவை பயமாக இருந்தது, பிறகு நீ கதை சொல்வதைக் கேட்கும் ஆசையில் மறந்துவிட்டது என்றார். இனிமேல் மறைக்கப்போவதில்லை என்றார். கல்லறைத் திருநாளுக்கு வருகிறேன், பெயர் வாசிக்கும்போது நான் முழங்காலிலேயே இருப்பேன் என்றார்.

"உனக்காக நான் உட்காரணும்னா உட்காருவேன், கெனியா. ஆனா அந்த ஆளுக்கு என்னை விட்டா வேற யாரு இருக்கா?"

அந்த ஆளுக்கு யாரும் இல்லை என்பதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இல்லை. இருபத்தாறு வருஷமாக அதைச் சொல்லித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவர் முழங்காலில் இருந்தால் ஊர் பார்க்கும். யாரென்று கேட்கும். அவர் சொல்வார். அவள் அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்தால் அடைகாத்தவன் வீட்டு மருமகள் பிரபுவுக்காகச் செபித்தவள் ஆவாள். பெலாகியா தையல் மெஷினையும் பூனையையும் வண்டியில் ஏற்றிவிடுவாள். உட்கார்ந்தால், எல்லார் முன்னாலும் அவரைத் தனியாக விட்டவள் ஆவாள். நான்கு வருஷம் ரொட்டி கோத்துக்கொண்டு வந்த மனிதரை.

ஒரு வழி தேடிச் சாமியாரிடம் போனாள். புதிதாக வந்தவர், முப்பது வயதுகூட இருக்காது, எல்லாவற்றுக்கும் புத்தகம் பார்ப்பார். பழைய காலத்தில் பிரபுவின் பண்ணையாட்கள் பலர் பிரபுவின் பெயரையே வைத்துக்கொண்டார்கள், உங்கள் டிராம்காரர் பிரபு வம்சமாக இருப்பதைவிடப் பிரபுவின் மாட்டுக்காரன் வம்சமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார். கெனோவேஃபா பறக்காத குறையாக வீட்டுக்கு வந்து அம்ப்ரோஜிக்குப் போன் போட்டாள். நீங்கள் மாட்டுக்காரன் பேரனாக இருக்கலாம் என்றாள்.

இருக்கலாம் என்றார். மாட்டுக்காரனாக இருந்தால் பிரபுவை மன்னிக்க எனக்கு இன்னும் கொஞ்சம் உரிமை அதிகம் என்றார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அக்டோபர் கடைசியில் ஊரே கல்லறையில் இருந்தது. எல்லார் கையிலும் வாளி, பிரஷ், சாமந்திச் செடி. கெனோவேஃபாவும் பெலாகியாவும் கயெத்தானின் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எழுத்துக்குள் புகுந்த பாசியைப் பெலாகியா ஒரு பழைய பல் பிரஷால் நோண்டி எடுத்தாள். தம்பியிடம் பேசிக்கொண்டே தேய்ப்பது அவள் வழக்கம். உன் பெண்டாட்டிக்கு நல்ல இடம் வந்திருக்கிறது, மூக்கைச் சுளிக்காதே, உன்னைவிட அவருக்கு முடி அதிகம் என்று கல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கிறிஸ்மஸுக்குள் முடித்துவிடவேண்டும் என்றாள்.

கெனோவேஃபாவால் இதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அண்ணி, அவரோட குடும்பப் பேரு ஸபோர்ஸ்கி."

பிரஷ் நின்றது. பக்கத்துக் கல்லறையில் யாரோ வாளியைக் கவிழ்த்தார்கள். பெலாகியா பிரஷைத் தண்ணீரில் அலசினாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை அலசினாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"செப்டம்பர்லேர்ந்து."

"என் மேசையில உட்கார்ந்து கஞ்சி குடிச்சான்."

"குடிச்சாரு."

"நல்லாயிருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிக் குடிச்சான்."

போய் நல்ல தண்ணீர் கொண்டுவா என்றாள் பெலாகியா. கெனோவேஃபா கொண்டுவந்தபோது கல் முழுக்கத் துடைத்தாகியிருந்தது. சாமந்தியும் வைத்தாகியிருந்தது. பெலாகியா அங்கே இல்லை.

அதன்பிறகு வீட்டில் பேச்சு இல்லை. சண்டையும் இல்லை. ஒரே மேசையில் இருவரும் சாப்பிட்டார்கள். உப்பு வேண்டும் என்றால் பெலாகியா பூனையிடம் சொல்வாள். திருநாளுக்குக் கசகசா கேக் இரண்டு சுடுவது வழக்கம். இந்த வருஷமும் இரண்டு சுட்டாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் மெஷினுக்கு உறை தைக்க ஆரம்பித்தாள். தடித்த துணி, நான்கு பக்கமும் கயிறு. வண்டியில் ஏற்றும் பொருளுக்குத்தான் அப்படி உறை தைப்பார்கள். கெனோவேஃபா அதைப் பார்த்தாள். அம்ப்ரோஜிக்குப் போன் போட்டு வராதீர்கள் என்று சொல்ல இரண்டு முறை எடுத்தாள், இரண்டு முறையும் வைத்துவிட்டாள்.

திருநாளன்று மூன்றேகால் பஸ்ஸில் அவர் வந்து இறங்கினார். கருப்புக் கோட்டு, கையில் ஒரு கண்ணாடி விளக்கு. பிரபுவுக்குக் கல்லறை எங்கே என்று கேட்டார். கிடையாது என்றாள். ஊர் அவரைப் புதைக்க மறுத்து, எங்கே போட்டார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது. அப்படியானால் இதைக் கயெத்தானுக்கு ஏற்றிவிடலாமா என்று கேட்டார். ஏற்றினார்கள். அவர் திரியைச் சரிசெய்து, காற்றுப் படாத பக்கமாகத் திருப்பி வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுகூட, கோயிலில் என்ன செய்யப்போகிறோம் என்று கெனோவேஃபாவுக்குத் தெரியவில்லை.

கோயில் நிறைந்திருந்தது. ஈரக் கோட்டும் மெழுகும் மணத்தன. முன் பெஞ்சில் ஓரமாகப் பெலாகியா. அவள் பக்கத்தில் கெனோவேஃபாவின் இடம். பெலாகியா நகர்ந்து வழிவிட்டாள். அம்ப்ரோஜிக்கும் வழிவிட்டாள். அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

வாசிப்பு தொடங்கியது. எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். பெயர்கள் போய்க்கொண்டேயிருந்தன. ஒவ்வொரு சீட்டு முடியும்போதும் ஒரு செபம். கயெத்தானின் பெயர் வந்தபோது பெலாகியா மூக்கைச் சிந்தினாள். புதுச் சாமியார் நிதானமாக, எந்தப் பெயரையும் விழுங்காமல் வாசித்தார். ஐம்பது நிமிஷம் ஆயிற்று.

"செவெரின் ஸபோர்ஸ்கி" என்று வாசித்துவிட்டுத் தாளை மடித்தார்.

வழக்கமாக இந்த இடத்தில் முன் பெஞ்சு ஒருமுறை கிறீச்சிடும். உடனே கோயில் முழுவதும் கிறீச்சிடும், காட்டில் மரம் சாய்வதுபோல. கெனோவேஃபா அந்தச் சத்தத்துக்காகக் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

பெலாகியா முழங்காலிலேயே இருந்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். ஒருவர் பாதி எழுந்து, முன் பெஞ்சைப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கினார். அடைகாத்தவன் வீட்டுக்கு முன்னால் ஊர் உட்காரமுடியாது. நூற்றைம்பது பேர் முழங்காலில் மாட்டிக்கொண்டார்கள்.

முட்டி பிடித்துக்கொண்டதோ என்று கெனோவேஃபா ஓரக்கண்ணால் பார்த்தாள். பெலாகியாவின் கைகள் பெஞ்சைத் தேடவில்லை. நெஞ்சுக்கு முன்னால் கோத்தபடி இருந்தன. பார்வை நேராகப் பீடத்தில் இருந்தது. அப்போது கெனோவேஃபாவுக்குப் புரிந்தது. நாத்தனார் உட்காரவும் இல்லை, செபிக்கவும் இல்லை. முறையை இவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். கெனோவேஃபாவும் அந்த வீட்டுக்காரிதான். அவள் உட்கார்ந்தால் போதும், ஊர் உட்காரும்.

முதுகில் அத்தனை கண்ணும் பட்டது. வலப்பக்கம் அம்ப்ரோஜி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவள் பக்கம் பார்க்கவேயில்லை. பார்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று பயந்திருப்பார். பிறகு அவர் வாய் திறந்தார். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிப் பழகிய குரல் அது. உரக்க இல்லை, கடைசிப் பெஞ்சுவரை போயிற்று.

"நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே."

பதில் சொல்ல வேண்டியது ஊர். ஊர் சொல்லவில்லை.

முந்நூறு வருஷம் பிரபுவுக்காக யாரும் சொல்லாத வாசகம். கெனோவேஃபா அதைச் சொன்னாள். தினமும் மூன்று தடவை பிரபுவை நாயாக்கிக் காட்டிய அதே குரல்தான், கொஞ்சம் உடைந்திருந்தது.

"முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக."

இடப்பக்கத்தில் யாரோ முனகினார்கள். பெலாகியாதான். வார்த்தை தெளிவாகக் கேட்கவில்லை. 'ஆமென்' என்பதாகவும் இருக்கலாம், 'அம்மாடி' என்பதாகவும் இருக்கலாம். பின்னால் அங்கங்கே ஆறேழு பேர் ஆமென் என்றார்கள். ஒருவர் வேண்டுமென்றே உரக்க மூக்கைச் சிந்தினார்.

சாமியார் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இதற்கு அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பெலாகியா இப்போதுதான் பெஞ்சைப் பிடித்தாள். எழ முயன்றாள், முடியவில்லை. ஐம்பது நிமிஷம் கல்தரையில் இருந்தால் எழுபத்தொரு வயது முட்டி சும்மா விடுமா? கெனோவேஃபா கை கொடுக்கப் போனாள். பெலாகியா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, அவளைத் தாண்டி அந்தப் பக்கம் பார்த்தாள்.

"ஸபோர்ஸ்கி. இங்க வாய்யா. தூக்கி விடு."

கோயிலில் எல்லாருக்கும் கேட்டது. அந்தப் பெயரில் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறான் என்பது ஒல்ஷினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்ப்ரோஜி எழுந்துவந்து, அவளுடைய இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினார். பெலாகியா பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். நிமிர்ந்தாள். பிறகு, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுபோல, நன்றாகச் சத்தம் வரும்படி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஊர் உட்கார்ந்தது. ஒரு செபம் தாமதமாக.

வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கல்லறைப் பக்கம் நூற்றுக்கணக்கான விளக்குகள் எரிந்தன. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. படிக்குக் கீழே கூட்டமாக நின்று அம்ப்ரோஜியைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

இத்தோடு பிரபு போய்விட்டாரா, இனி கோட்டைக்கு யார் வருவார்கள் என்று பஸ்காரரின் மனைவி கெனோவேஃபாவிடம் கேட்டாள். கெனோவேஃபாவுக்கு முன்னால் பெலாகியா பதில் சொன்னாள்.

"ஒரு செபத்துல போற ஆளா அவரு? அவரு பாவத்துக்கு இது கணுக்கால்வரைக்கும்கூட ஏறாது. இன்னும் எத்தனை வருஷம் சொல்லணுமோ."

சூப்பை அடுப்பில் வைக்கப் போகிறேன், மூன்று தட்டு வைப்பேன், சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.

முதலில் வந்தவர் சைக்கிள் கடைக்காரர். அம்ப்ரோஜிக்கு எதிரே வந்து நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா? எங்க மில்லுக்கு வந்துக்கிட்டிருந்த ஓடையை உங்க ஆளு திருப்பிவிட்டுட்டாரு. இன்னிவரைக்கும் தண்ணி வரலை."

அம்ப்ரோஜி அதைக் கடைசிவரை கேட்டார். ஓடை எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டார். பிறகு, மன்னிக்கணும் என்றார். சைக்கிள் கடைக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு விலகினார். ஆனால் போகவில்லை, பக்கத்திலேயே நின்றார்.

அடுத்தது தபாலாபீஸ் அம்மாள். அந்தக் காலத்தில் அவர்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்த அன்று வண்டி மாடு இரண்டையும் பிரபு அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். மாப்பிள்ளையே நுகத்தில் நின்று பெண்ணைக் கோயிலுக்கு இழுத்துவந்தான். இதைச் சொல்லும்போது அம்மாளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அம்ப்ரோஜி மன்னிப்புக் கேட்டார். நல்ல மாப்பிள்ளை என்றும் சொன்னார். அதை அம்மாள் ஒப்புக்கொண்டாள்.

அப்போதுதான் கெனோவேஃபா கவனித்தாள். வரிசை நின்றிருந்தது. ஒருவர் பின் ஒருவராக, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்பதுபோல. முந்நூறு வருஷமாக ஒரு ஊரே வைத்திருந்த புகாரைக் கொடுக்க இன்றைக்குத்தான் ஒரு ஆள் கிடைத்திருக்கிறார்.

மூன்றாவதாகத் தேனீக்காரர் வந்தார். ஓரமாகவே வாழ்கிற மனிதர். அவர் ஐந்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை. திக்குவாய். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒருவன் பிரபுவிடம் நாய்க்காரனாக இருந்தான் என்று தொடங்கினார். தொடங்கவே நேரமாயிற்று. நாற்பது நாய். தினமும் சாயங்காலம் பிரபுவின் விருந்தாளிகள் முன்னால் நின்று நாற்பது பெயரையும் திக்காமல் கூப்பிடவேண்டும். திக்கினால் முதலிலிருந்து. விருந்தாளிகள் சிரிப்பார்கள். நாய்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவன் திக்கிய திக்கலுக்கே அவை ஓடிவரப் பழகிவிட்டன.

இது கெனோவேஃபாவுக்குத் தெரியாது. கோட்டையின் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை வைத்திருந்தவள், இதை இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தேனீக்காரரை யாரும் இதுவரை கேட்கவில்லை.

தேனீக்காரர் ஒரு வார்த்தையில் நின்றுவிட்டார். முகம் சிவந்தது. அம்ப்ரோஜி அவருக்காக அந்த வார்த்தையைச் சொல்லிவிடவில்லை. தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நிறுத்தத்தில் கடைசி ஆள் ஏறும்வரை அவசரப்படாமல் நின்று பழகியவர். வரிசையிலும் யாரும் அவசரப்படவில்லை.

வார்த்தை வந்தது.

அம்ப்ரோஜி மன்னிப்புக் கேட்டார். தேனீக்காரர் தலையசைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லி முடித்த மனிதரைப்போல மூச்சு விட்டார்.

கெனோவேஃபா அம்ப்ரோஜியின் கையிலிருந்த தொப்பியை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். வரிசையில் அடுத்தவர் முன்னால் வந்தார்.